திருமண வரவேற்புக்கு இசையும் நிகழ்ச்சிகளும்: தேர்ந்தெடுப்பது எப்படி?

தமிழ்நாட்டு மண்டபங்களில் மாலை வரவேற்பு நடக்கும் விதத்தைச் சற்று நின்று கவனித்தால், அங்கே இசைக்கு என்ன வேலை என்பது விளங்கும். ஏழு மணியளவில் மணமக்கள் மேடையேறுகிறார்கள். விருந்தினர் வரிசையில் காத்திருந்து, மேடையேறி, இன்னார் என்று சொல்லி வாழ்த்தி, மொய்க்கவரைக் கையில் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போகிறார்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நாற்காலியில் அமர்ந்து கேட்பவர் அநேகமாக எவரும் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, நெடுநாளாகப் பார்க்காத உறவினரோடும் பழைய அண்டை வீட்டாரோடும் பேசுவதே அந்த மாலையின் இன்பம். ஆகவே எந்தக் குழுவை அழைப்பது என்று யோசிப்பதற்கு முன்பே, எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை வீட்டார் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சத்தம் மிகுந்தால் முதலில் துன்பப்படுபவர்கள் மணமக்களே. பல மண்டபங்களில் இசைக்குழுவுக்கு வரவேற்பு மேடையை ஒட்டியே இடம் ஒதுக்குகிறார்கள். அதனால் ஒலிபெருக்கி மணமகளின் காதுக்கு எட்டுப் பத்தடியில் நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வந்த பெரியம்மா ஒருவர் மேடையேறி, மணமகளின் கன்னத்தைத் தொட்டு, தாம் எந்த வழியில் உறவு என்று சொல்கிறார், மணமகளுக்குக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்கிறார், பின்னால் வரிசை நெருக்குகிறது, புகைப்படக்காரர் கேமராவைப் பார்க்கச் சொல்லிக் கையசைக்கிறார், மணமகள் புரிந்ததுபோலத் தலையாட்ட, பெரியம்மா இறங்கிவிடுகிறார். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்தார்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. மண்டபத்தை முன்பதிவு செய்யும்போதே, இசைக்குழுவைப் பக்கச் சுவரோரம் கூடத்தின் நடுப்பகுதியில் அமர்த்த இடமும் மின் இணைப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மேடையருகே இரண்டு பெரிய பெட்டிகளை வைத்து அலறவிடுவதைவிட, கூடத்தின் இருபுறமும் சிறிய பெட்டிகளைப் பரவலாக வைத்துக் குறைந்த ஒலியில் ஓடவிடுவது எல்லாருக்கும் நல்லது. பெரியவர்கள் முன்வரிசையில்தான் அமர்வார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். கிரானைட் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட கூடத்தில் எதிரொலி சேர்வதால் அவ்வளவு குறையாது. அங்கே ஒலியைக் கூட்டினால் பாட்டின் சொற்கள் குழம்புமே தவிரத் தெளிவு கூடாது. பிற்பகலில் காலிக் கூடத்தில் ஒலியைச் சோதித்துவிட்டு அதோடு விட்டுவிடாமல், கூட்டம் நிறைந்த பிறகு ஒருமுறை நடுவரிசையில் போய் நில்லுங்கள். அடுத்தடுத்த நாற்காலியில் இருக்கும் இருவர் காதருகே குனியாமல் பேச முடிந்தால் அளவு சரி. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியில் இருப்பவரிடம் குறைக்கச் சொல்லும் பொறுப்பை வீட்டார் சார்பில் ஒரே ஒருவரிடம் கொடுத்து, அவரை மாலையிலேயே அறிமுகப்படுத்திவிடுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டே வேண்டாம் என்பது என் கருத்து. பரிமாறுபவர் ரசமா மோரா என்று கேட்பது இலையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. மூடிய அரங்குக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி பயன்படுத்துவதற்கு விலக்கு உண்டு. கடற்கரைச் சாலைப் புல்வெளிகளிலும் வீட்டு மொட்டைமாடியிலும் வரவேற்பு வைப்பவர்களுக்கு அந்த விலக்கு உதவாது. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் வரம்பு இன்னும் குறைவு. திரைப்பாடல்களை இசைக்கக் காப்புரிமைக் கட்டணம் கேட்பார்களோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், சமயச் சடங்குகளின்போது இசைப்பதை மீறலாகக் கருதுவதில்லை; திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

இனி எந்த இசை என்பதற்கு வருவோம். நாதசுவரமும் தவிலும் கோயில் வீதிக்கென்றே வளர்ந்தவை. மைக் இல்லாமலே நெடுந்தூரம் கேட்பவை. வரவேற்பில் முதல் அரைமணி நேரம், மணமக்கள் வந்து மேடையேறும் வரை, வாசலில் நாதசுவரக் குழுவினரை வாசிக்கச் செய்வதே பொருத்தம். தாழ்ந்த கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொல்வது கேட்பவர்களுக்கும் சுமை, வாசிப்பவர்களுக்கும் சுமை. ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: நாதசுவரம் ஒலிக்கும்போது மெல்லிசைக் குழுவினர் மைக்கைத் தட்டி ‘ஹலோ, செக்’ என்று சோதிக்கக் கூடாது என இரு தரப்பினரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியின் நடுவே அந்தத் தட்டல் விழுவதைப்போல் மனத்தை வருத்துவது வேறில்லை.

கர்நாடக சங்கீதக் கச்சேரியை விரும்பும் குடும்பங்கள் நேரத்தை மாற்றி யோசிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், நாதசுவர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் காலத்துத் திருமணங்களில் கச்சேரி கேட்பதே மாலை நிகழ்வாக இருந்தது. மணமக்களோடு படமெடுக்க நிற்கும் வரிசை அன்று இல்லை. இன்று ஆலாபனை நடக்கும்போது பாதிக் கூட்டம் பாடகருக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை, மணமக்கள் மேடைக்கு வருமுன், கேட்க விரும்புவோர் மட்டும் வந்து அமரும்படி கச்சேரியை வைத்தால் பாடுபவருக்கும் மரியாதை, கேட்பவருக்கும் நிறைவு.

வரிசை நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு வாத்திய இசையே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. வயலின் அல்லது புல்லாங்குழல், கீபோர்டு, தபலா ஆகிய மூன்று பேர் போதும். ஐந்நூறு பேர் கூடும் இடத்துக்கும் அது குறைவாகத் தெரியாது. பாட்டில் சொற்கள் இல்லாததால் பேச்சோடு மோதாது. தெரிந்த மெட்டு காதில் விழும்போது மனம் தானே சொற்களை நிரப்பிக்கொள்ளும். கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்திய சாக்ஸபோனும் திருமண மண்டபங்களுக்கு நன்கு பழகிவிட்டது; அது உரத்த வாத்தியம் என்பதால் அதற்குப் பெரிய கூடம் வேண்டும். வீணையைச் சிறு கூடத்துக்கு மட்டும் வையுங்கள். சுரங்களை அசைத்து வாசிக்கும் அதன் நுண்ணிய கமகங்கள் நூறு பேர் பேசும் இரைச்சலில் கரைந்துவிடும்.

மெல்லிசைக் குழுவை அமர்த்துவதாக இருந்தால் அவர்கள் அனுப்பும் விளம்பரக் காணொளியை மட்டும் நம்ப வேண்டாம். அதில் ஒலி பெரும்பாலும் பிறகு மெருகேற்றப்பட்டிருக்கும். ஏதேனும் ஒரு திருமணத்தில் கைப்பேசியில் எடுத்த, வெட்டாத பத்து நிமிடப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வேறொரு நிகழ்ச்சியில் நேரில் போய்க் கேளுங்கள். வாத்தியங்களை உண்மையாகவே வாசிக்கிறார்களா, பதிவான டிராக்கை ஓடவிட்டுப் பாடுகிறார்களா என்பதையும் மறைக்காமல் கேளுங்கள். டிராக்கில் பாடுவது குற்றமில்லை, செலவும் குறையும். ஆனால் எட்டுப் பேருக்குப் பேசிவிட்டு மூன்று பேரும் ஒரு மடிக்கணினியும் வந்து நிற்பது ஏமாற்றம். குழுவின் பெயர் ஒன்றாகவே இருக்கும், பாடுபவர்கள் மாறுவார்கள். ஆகையால் நீங்கள் கேட்டு விரும்பிய பாடகரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தை, வைகாசி, ஆவணி மாத வளர்பிறை முகூர்த்தங்களில் ஒரே குழு ஒரே மாலையில் இரண்டு இடங்களை ஒப்புக்கொள்வதும் உண்டு. அன்று வேறு நிகழ்ச்சி இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. மண்டபம் உறுதியான வாரமே இசைக்கும் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

பாடல் பட்டியலைக் குழுவிடமே விட்டுவிடும் வழக்கம் மாற வேண்டும். மனிதருக்குத் தம் பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுகளே நெஞ்சில் ஆழமாகத் தங்குகின்றன என்று வைத்துக்கொண்டு, விருந்தினரின் வயதை எண்ணிப் பாருங்கள். எழுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு எம்.எஸ். விஸ்வநாதன், 1976-இல் திரைக்கு வந்த இளையராஜா இன்று அறுபதை ஒட்டியிருப்பவர்களின் இளமை, 1992-இல் வந்த ஏ.ஆர். ரகுமான் நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு. முதியவர்கள் சீக்கிரம் வந்து எட்டு மணிக்குள் உண்டு கிளம்புவதால் பழைய பாடல்களை முதலில் வைத்து, அலுவலக நண்பர்களும் கல்லூரித் தோழர்களும் வந்து சேரும் எட்டரைக்கு மேல் புதியவற்றுக்கு நகர்வது இயல்பாக அமையும். பாட வேண்டாத பாடல்களின் பட்டியல் இதைவிட முக்கியம். மெட்டு இனிமையாக இருப்பதால், பிரிவையும் காதல் தோல்வியையும் பாடும் பாடல்களைப் பல குழுக்கள் திருமணத்தில் தயங்காமல் பாடிவிடுகின்றன. பல்லவியோடு நிறுத்தாமல் சரணத்தையும் படித்துப் பாருங்கள். இரட்டைப் பொருள் கொண்ட பாடல்கள் வேண்டாம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். விருந்தினர் சீட்டில் எழுதித் தரும் விருப்பப் பாடல்களுக்கும் இதே விதி பொருந்தட்டும்.

பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம் போன்ற கலைகளை அழைப்பவர்கள் அவற்றுக்கு மண்டப முற்றத்தைக் கொடுங்கள். மணமக்கள் காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வரும் இருபது நிமிடங்கள் அவற்றுக்கே உரியவை. பறையைச் சாவுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவைத்தது சாதியின் செயல். அதை மங்கல நிகழ்வுக்கு மதிப்போடு அழைக்கும் வீட்டார் நல்லதையே செய்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களில் சிலர் தயங்கக்கூடும். கடைசி நேரத்தில் கலைஞர்கள் முன்னிலையில் வாக்குவாதம் எழாதபடி, சில வாரங்களுக்கு முன்பே அந்தப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

டிஜே வேண்டும் என்று மணமக்களின் நண்பர்கள் கேட்டால், பொது வரவேற்பு முடிந்த பின் தனிச் சிறு கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு ஒரு மூலையில் மேஜிக் கலைஞரையோ பலூன் செய்து தருபவரையோ அமர்த்தினால் பெற்றோர் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். வளையல் கடை, மருதாணி, போட்டோ பூத் ஆகியவை இப்போது எங்கும் இருக்கின்றன. மூன்றில் ஒன்று போதும், அதுவும் மேடை வரிசையை மறிக்காத இடத்தில். மேடை விளையாட்டு நடத்தும் தொகுப்பாளர் அவசியமில்லை. மணமகனைப் பாடச் சொல்லியும் மணமகளிடம் எல்லார் முன்னிலையிலும் சங்கடமான கேள்வி கேட்டும் காக்கவைக்கும்போது, கீழே வரிசையில் மூட்டுவலியோடு நிற்பவர்கள் வாடுகிறார்கள்.

மறுநாள் முகூர்த்தம் அதிகாலை நாலரைக்கோ ஆறுக்கோ இருந்தால், மணமகளுக்கு அலங்காரம் செய்பவர் மூன்று மணிக்கே கதவைத் தட்டுவார். இரு வீட்டாரும் மண்டபத்து மாடி அறைகளில்தான் உறங்குகிறார்கள். ஆகவே ஒன்பதரைக்கு இசையை நிறுத்துவது என்று எழுதி, அதற்குமேல் நீட்டிக்கக் கேட்கும் உரிமை வீட்டாரில் யாருக்கு என்பதையும் குறிப்பிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், ஒலியமைப்பு யாருடையது, போக்குவரத்துச் செலவு அடங்குமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரிலிருந்து அவர்களுக்கு இணைப்பு உண்டா, பாடகர் வர இயலாவிட்டால் என்ன ஏற்பாடு என்பவை அதே தாளில் இருக்கட்டும்.

இசைக்குழுவினரைக் கடைசிப் பந்திக்கு விடாதீர்கள். பத்து மணிக்கு அவர்கள் கீழே இறங்கும்போது வடையும் ஐஸ்கிரீமும் தீர்ந்து, மேசைத் தாளைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். நிகழ்ச்சிக்கு முன் ஆறு மணிக்கே அவர்களுக்கென ஒரு பந்தி போடும்படி சமையல் ஒப்பந்தக்காரரிடம் எண்ணிக்கை சொல்லி, மேடையில் வெந்நீரும் வைக்கச் செய்யுங்கள். பேசிய மீதித் தொகையை உறையிலிட்டுப் பெயரெழுதி, தாம்பூலத் தட்டில் வைத்து, வாசித்து முடித்தவுடன் கொடுக்க ஒருவரை நியமித்துவிடுங்கள். மணமகளின் தந்தையைத் தேடி அவர்கள் மண்டபமெங்கும் அலையக் கூடாது.