உங்கள் பெயர்க்காரரின் கடன் உங்கள் சிபில் அறிக்கையில் ஏறினால்

வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில்தான் இது பெரும்பாலும் தெரியவரும். எங்கோ ஓர் ஊரில் இன்னொரு கே. முருகன் கட்டாமல் விட்ட கடன், உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் நிற்கும். ஒற்றை எழுத்து இனிஷியலில் கந்தசாமி மகனும் கருப்பையா மகனும் ஒருவராகிவிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த மே, ஜூன் பிறந்த தேதிகளும் பலருக்கு ஒத்துப்போகும். பான் எண் பதியாத பழைய கடனென்றால், பொருத்திப் பார்க்க இவற்றை விட்டால் முகவரிதான் மிச்சம்.

முதலில் அறிக்கையை முழுதாக எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நீங்கள் குடியிருந்தே இராத முகவரி, இரண்டாவதாக ஒரு பான் எண், தெரியாத கைபேசி எண் இருக்கிறதா என்று தனிநபர் விவரங்களில் தேடுங்கள். இருந்தால் இருவர் கணக்கும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கடன் உங்கள் பான் எண்ணிலேயே எடுக்கப்பட்டிருந்தால் மோசடியாக இருக்கலாம், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா என்றும் யோசியுங்கள். ஜாமீன்தாரர் அறிக்கையிலும் அந்தக் கடன் வரும்.

அறிக்கையிலுள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் (Control Number) குறிப்பிட்டு, அறிக்கை தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஆட்சேபம் பதியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: ‘பாக்கித் தொகை தவறு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு உங்களுடையது என்றாகிவிடும். ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்பதே சரி.

அன்றே அந்தக் கடனைக் கொடுத்த வங்கிக்கும் எழுதுங்கள். வங்கி உறுதிசெய்யாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. பான் நகலோடு, அப்பா பெயர் முழுதாக இருக்கும் ஏதாவது ஒரு சான்றையும் இணையுங்கள். இனிஷியல் சிக்கலை உடைப்பது அதுதான். இன்னொருவரின் ஆவணங்களை வங்கி உங்களிடம் காட்டாது. அதனால், “கடன் விண்ணப்பத்திலுள்ள தந்தை பெயர், புகைப்படம், கையெழுத்தை என் ஆவணங்களோடு ஒப்பிட்டு எழுத்துமூலம் பதில் தாருங்கள்” என்று கேளுங்கள். திருத்தத்தை நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

வசூல்காரர் நெருக்கினால், தொல்லை விட்டால் போதுமென்று 500 ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது.

உங்கள் புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வாய்விட்டுக் கேளுங்கள். வங்கியின் பதில் வராவிட்டாலோ திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமின்றிப் புகார் செய்யலாம், விவரங்களுக்கு 14448.

நீக்கிய பிறகும் இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுங்கள். வங்கியின் சொந்தப் பதிவேட்டில் தவறு திருத்தப்படாமல் இருந்தால், அடுத்த முறை தகவல் அனுப்பும்போது அதே கடன் திரும்ப ஏறிவிடும். அப்போது வங்கி தந்த பதில் கடிதம் கையில் இருக்க வேண்டும்.