வாடகை வீட்டுத் தகராறு: குடியிருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்காரரோடு பேச்சு முற்றிய பிறகுதான் நம்மில் பலர் சட்டத்தைத் தேடுகிறோம். வாடகைக்கு இருப்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஒன்றும் குறைவில்லை. அதைக் கேட்டுப் பெறுவதற்கான காகிதம்தான் பெரும்பாலானோர் கையில் இருப்பதில்லை.

முதலில் எந்தச் சட்டம் என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் இன்றைக்கும் யோசனை சொல்கிறார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017 என்ற புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்கும்படி மனுப் போடலாம். இப்போது வாடகை என்பது இருவரும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட தொகைதான். "பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு நமக்கே சொந்தம்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். வாடகைதாரராக நுழைந்தவர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் வாடகைதாரர்தான். அந்த நம்பிக்கையில் வாடகையை நிறுத்திவிட்டு வழக்காடியவர்கள், நிலுவையையும் கட்டி வீட்டையும் காலி செய்ய வேண்டியதாகிறது.

அடுத்த தவறு, ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்பது. "எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் அவர் நம்மை ஒன்றும் செய்ய முடியாது" என்று துணிச்சலாகச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். புதிய சட்டத்தில் நிலைமை நேர் எதிரானது. எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வாடகைதாரரை வெளியேற்றக் கோருவதற்கான காரணங்களில் ஒன்று. ஆகவே ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கு மட்டும் தேவையான காகிதம் அல்ல. முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்பதும் பழைய பழக்கம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். பதிவுக்கு அரசின் இணையதளமும் இருக்கிறது. பதிவாகாத ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அவர் முன் நின்றால், வழக்கைத் தொடங்குவதற்கு முன்பே தடுமாற வேண்டியிருக்கும்.

கையெழுத்திடும்முன் மூன்று வரிகளையாவது நிதானமாகப் படியுங்கள்: வாடகை எப்போது, எவ்வளவு உயரும், வெளியேற எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் சட்டத்தின் பொது விதி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்ற வாசலும் அதிலேயே இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதி நீங்களே கையெழுத்திட்டபின் மூன்று மாத விதியைக் காட்டி வாதாடுவது கடினம். பேரம் பேச வேண்டிய நேரம் சாவி வாங்குவதற்கு முன்புதான். மின்கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இல்லாமல் வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது.

வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் கேட்காமல் இருப்பது அடுத்தது. முகத்துக்கு நேரே ரசீது கேட்பது சங்கடமாக இருக்கலாம். ஆனால் ரசீது பெறுவது உங்கள் உரிமை. வங்கிவழி அனுப்பினால் வங்கியின் பதிவே சான்று. மூன்றாம் மனிதர் கணக்குக்கோ, வீட்டுக்காரரின் மகன் கணக்குக்கோ அனுப்பச் சொன்னால், அப்படிச் சொன்னதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தகராறு வந்ததும் கோபத்தில் வாடகையை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. தண்ணீர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது, அதனால் வாடகை தரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வது நியாயமாகத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் நீங்கள் நிலுவைக்காரர் ஆகிவிடுவீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, அறிவிப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுதும் செலுத்தாவிட்டால், வெளியேற்ற மனு போட அது போதும். வீட்டுக்காரரே வாடகையை வாங்க மறுத்து, பிறகு "பாக்கி வைத்திருக்கிறார்" என்று சொல்வதும் உண்டு. அப்படி மறுத்தால் மணியார்டரிலோ வங்கியிலோ தொடர்ந்து அனுப்பிப் பாருங்கள். இரண்டு மாதம் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி இருக்கிறது.

ஒழுகும் கூரைக்கும் வழி உண்டு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு சன்னல்களுக்கு வண்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின் ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாசர், சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் எழுத்தில் அறிவித்துவிட்டு, நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதக் கழிப்பு அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக்கூடாது. கழிக்கும் தொகைக்குப் பில் வேண்டும்.

வீட்டுக்காரர் மின்சாரத்தைத் துண்டித்தால், மோட்டார் அறையைப் பூட்டினால், உடனே காவல் நிலையத்துக்கு ஓடுகிறோம். அங்கே "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பப்பட்டு மனம் உடைந்து வீட்டைக் காலி செய்துவிடுகிறோம். மிரட்டல், அடிதடி, அத்துமீறி நுழைதல் இருந்தால் காவல்துறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் தண்ணீர், மின்சாரம், லிப்ட், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளைப் பிடுங்குவதற்கு நேரான இடம் வாடகை அதிகாரி. விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவாகவே வசதியைத் திருப்பித் தரச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்டிய நேரத்தைத் தேதியோடு தெரியும்படி படம் எடுங்கள், மனுவில் சேருங்கள். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க விரும்பினாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். மாற்றுச்சாவி அவரிடம் இருக்கிறது என்பதால் நினைத்தபோது திறந்துகொண்டு வர உரிமை வந்துவிடாது. நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பொருள்களை வெளியே வைத்துப் பூட்டை மாற்றிவிட்டாலும் கதை முடியவில்லை. சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் தன் வசம் திரும்பப் பெறலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் சொல்கிறது. அந்த ஆறு மாதத்தைச் சமாதானப் பேச்சிலேயே கரையவிடாதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் தபால்காரரிடம் வாங்க மறுப்பது இன்னொரு பழக்கம். மறுத்தாலும் அது உங்களிடம் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். உள்ளே என்ன குற்றச்சாட்டு இருக்கிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் போகும். வாங்கிப் படியுங்கள், பதில் அனுப்புங்கள்.

இனி காலி செய்யும் நாள். மனம் கசந்துபோகும் நாள் அதுதான். சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன. வெற்று அறையில் வீட்டுக்காரர் சுவர் சுவராகப் போய் நிற்கிறார். காலண்டர் மாட்டிய ஆணித் துளையில் விரலை வைக்கிறார், அடுப்புக்கு மேலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்க்கிறார், "பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, கதவு தாழ்ப்பாள், சிங்க் குழாய்" என்று விரல் மடக்குகிறார். லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். புது வீட்டில் பால் காய்ச்ச நேரமாகிறது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம். இந்தக் காட்சியில் உங்களைக் காப்பாற்றுவது குடிவந்த அன்று எடுத்த படங்கள் மட்டுமே. ஒவ்வொரு அறையையும், ஏற்கெனவே இருந்த கறை, விரிசல், உடைந்த ஓடு எல்லாவற்றையும் படம்பிடித்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளையடிப்பு அட்டவணைப்படி வீட்டுக்காரர் பக்கம்தான். வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் பெயிண்டுக்கு ஒரு மாதம் என்ற பிடித்தம் நிற்கும். முன்பணம், உரிய பிடித்தம் போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். சாவியை ஒப்படைக்கும்போது தேதி போட்ட ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு மாதம் அன்றிலிருந்துதான் எண்ணப்படும். முன்பணம் வராது என்று பயந்து, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. அப்படி இருப்பவரிடம் வீட்டுக்காரர் இரு மடங்கு வாடகை கோர முடியும்.

"லீஸுக்கு" வீடு எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இழப்பது சில மாத வாடகை அல்ல. மகளின் திருமணத்துக்குச் சேர்த்தது, நகையை விற்றது, ஓய்வூதியப் பணம் என்று பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடியிருக்கிறார்கள். சாதாரண முத்திரைத்தாளில் எழுதிப் பதிவே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, கடன் கட்டாமல் போனால், வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும். பதிவில்லாத லீஸ் பத்திரம் வங்கிக்கு முன் நிற்காது. கொடுத்த பணத்துக்கு வீட்டுக்காரரைத்தான் துரத்த வேண்டும். அவரோ ஏற்கெனவே கடனில் மூழ்கியவர். பணம் கொடுப்பதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். மூலப்பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். வங்கியில் இருக்கிறது என்று பதில் வந்தால் அந்த வீடு வேண்டாம். ஒத்தியோ ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையோ, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய மறுப்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.