ரூலெட்: உட்காரும் முன் பூஜ்ஜியத்தை எண்ணுங்கள்

ரூலெட் என்பது சிவப்பு, கருப்பு, பச்சைக் கட்டங்களில் எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றி, பந்து எதில் விழும் என்று பணம் கட்டும் சூதாட்டம். லாஸ் வேகஸ் போகிறவர்கள் ரூலெட் மேசையைக் கண்டதும் சிப்ஸ் (பணத்துக்குப் பதில் கட்டும் வில்லைகள்) வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் சக்கரத்தில் எத்தனை பச்சைக் கட்டம், அதாவது பூஜ்ஜியம், இருக்கிறது என்று பாருங்கள். ஒரே பூஜ்ஜியம் என்றால் மொத்தம் 37 எண்கள்; 0, 00 இரண்டும் இருந்தால் 38. ஆனால் இரண்டிலுமே ஒற்றை எண்ணுக்குக் கிடைப்பது 35 மடங்குதான். அதனால் 100 டாலர் கட்டினால் சராசரியாக முதலாவதில் 2.70 டாலர் போகும், இரண்டாவதில் 5.26. மூன்று பூஜ்ஜிய மேசையும் உண்டு, அங்கே 7.69. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், பணத்தை டீலர் (ஆட்டத்தை நடத்தும் ஊழியர்) கையில் நீட்டாமல் மேசைமேல் வையுங்கள். உங்களுக்கென்று தனி நிறத்தில் சிப்ஸ் தருவார். அது அந்த மேசையில் மட்டுமே செல்லும். எழுந்திருக்கும்போது அவரிடமே கொடுத்துச் சாதாரண சிப்ஸாக மாற்றிக்கொள்ளுங்கள். பந்தின் வேகம் குறையும்போது அவர் மேசைக்கு மேலே கையை வீசிக் காட்டுவார்; அதன்பின் கட்டக் கூடாது.

சிவப்பு வந்து ரொம்ப நேரமாச்சு, இனி வந்தே தீரும் என்று தொகையை இரட்டிப்பாக்காதீர்கள். 1913இல் மொனாகோ நாட்டின் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் கருப்பே தொடர்ந்து 26 தடவை விழுந்தது. சிவப்பில் கட்டிக்கொண்டே போனவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள்.