அடிதடி வழக்கு: புகார்தாரர் தரப்பு செய்யும் தவறுகள்

அடிதடி வழக்கு சாட்சி விசாரணைக்கு வரும்போது எதிரி தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைப்பது மூன்று காகிதங்கள்: எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், போலீசில் கொடுத்த வாக்குமூலம். ஒரே சம்பவம் மூன்றிலும் மூன்று விதமாக இருந்தால் அவருக்கு வேறெதுவும் தேவைப்படாது. இந்த மூன்றும் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன.

அதிகம் கவனிக்கப்படாதது விபத்துப் பதிவேடு. அவசரப் பிரிவு மருத்துவர் "எத்தனை பேர், எதால், எங்கே, எப்போது" என்று கேட்டு அப்போதே எழுதிவிடுவார். போலீஸ் கேஸ் என்றால் தனியார் மருத்துவமனையில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து, கூட வந்தவர் "மாடிப்படியில் விழுந்துட்டார்" என்பார். அந்த ஒரு வரியை நீதிமன்றத்தில் விளக்கி மீள்வது கடினம். பதிவேட்டில் "தெரிந்த 2 நபர்கள், கட்டையால்" என்று இருக்க, மறுநாள் புகாரில் அப்பா, அண்ணன், மச்சான் எல்லோரையும் சேர்த்து ஐந்து பேர், அரிவாள் என்று வளர்ப்பதும் இதே வகைதான். சேர்த்த மூவரோடு, உண்மையில் அடித்த இருவருக்கும் சந்தேகத்தின் பலன் கிடைத்துவிடும். மருத்துவர் பெயர்களை எழுதாதது பெரிய குறையல்ல. எண்ணிக்கையும் ஆயுதமும் மாறுவதுதான் கேடு.

அடுத்தது தாமதம். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற துலியா காளி வழக்கில் (1972), கொலை நடந்து 20 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் புகார் கொடுத்ததும் தண்டனை ரத்தாக ஒரு முக்கியக் காரணம். தாமதமானாலே வழக்கு விழுந்துவிடாது. காரணம் சொல்லாத தாமதமே விழவைக்கும். சிகிச்சையில் இருந்ததால் தாமதம் என்றால், அதைப் புகாரிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

"எல்லோரும் சேர்ந்து சரமாரியாகத் தாக்கினார்கள்" என்று எழுதுவது புகாரே அல்ல. யார், எதால், உடம்பில் எந்த இடத்தில் அடித்தார் என்று தனித்தனியாக வர வேண்டும். "ஆபாசமாகத் திட்டினார்" என்று மட்டும் எழுதினால் அதற்கான சட்டப் பிரிவு நிற்காது. எழுதக் கூசினாலும், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதத்தான் வேண்டும்.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று வீடு திரும்புகிறவர்கள் நிறைய. அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, சம்பவ இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லி எஃப்.ஐ.ஆரை மறுக்க முடியாது, நகலும் இலவசம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் ஆரம்ப விசாரணை நடத்தலாம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அதிலும் பயனில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய தபாலின் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் தொலைத்துவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பி வரும்.

போலீசார் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடத் தேவையே இல்லை. சட்டமே வேண்டாம் என்கிறது. வெற்றுத் தாளில் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடியோ இருந்தால் அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, மூலத்தை அழித்துவிடுவது வழக்கம். வாட்ஸ்அப்பில் போனதும் கோப்பு சுருங்கி, அதன் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு மாறிவிடும். எடுத்த போனையும் மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கள். பி.எஸ்.ஏ. என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் நகல் சாட்சியமாகாது. அதன் ஒரு பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும் மறு பகுதியை நிபுணரும் தர வேண்டும். கடைக்காரரின் சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும் என்பதால், அதைக் கைப்பற்றும்படி ஆய்வாளருக்கு அன்றே எழுத்தில் கொடுங்கள்.

சில மாதம் கழித்து காவலர் ஒருவர் ஆர்.சி.எஸ். (ரெஃபர்டு சார்ஜ் ஷீட்) நோட்டீஸ் கொண்டுவந்தால், விசாரணை முடிந்துவிட்டது, வழக்கை மூடுகிறார்கள் என்று அர்த்தம். "ஆட்சேபனை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடாமல் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபனை மனு போடலாம்.

கூண்டில் ஏறும்போது சம்பவம் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். புகாரில் என்ன எழுதினோம் என்பதே மறந்திருக்கும். வழக்கறிஞர் மூலம் ஆஜரானால் பாதிக்கப்பட்டவருக்கும் குற்றப்பத்திரிகை ஆவணங்களின் நகல் கிடைக்கும். முன்னதாகவே வாங்கிப் படியுங்கள். புதிதாக ஒரு முக்கிய விவரத்தைச் சேர்த்தால், "இதை நான் போலீசில் சொல்லவில்லை என்றால் சரியல்ல" (அதாவது, சொன்னேன்) என்ற வரி உங்கள் சாட்சியத்தில் ஏறும். பிறகு புலனாய்வு அதிகாரி கூண்டேறி, அவர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்வார். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள்.

எதிரிகள் விடுதலையானால் அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்ய பி.என்.எஸ்.எஸ். 413-வது பிரிவு இடம் தருகிறது. தீர்ப்பு நகலுக்கு அன்றே மனுப் போடுங்கள்.