புலிமியா: அந்த டயட் சார்ட்டை எடுத்து உள்ளே வையுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உளவளத்துணை வேலைக்கு இப்போது நிறைய இளம் ஆட்கள் வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் புலிமியா நேர்வோசா, அதாவது அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு சத்தி எடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டுகிற நோய், உள்ள ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்தால், நாங்கள் தொடங்கிய காலத்தில் எதையெல்லாம் கெடுத்தோமோ அதையே ஒன்றுவிடாமல் இவர்களும் செய்கிறார்கள். ஏசக்கூடாது, ஆட்களுக்கு முன்னால் கேட்கக்கூடாது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

நிறையைப் பார்த்து அனுப்பிவிடுவது

தராசில் ஏற்றுகிறார்கள், உயரத்துக்கு ஏற்ற நிறைதான், அப்ப ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலானோர் சாதாரண நிறையில் அல்லது கொஞ்சம் கூடத்தான் இருப்பார்கள். 1979இல் லண்டனில் ஜெரால்ட் ரசல் என்ற மனநல மருத்துவர் இந்த நோயைத் தனியாக எடுத்து எழுதினார், அதற்குப் பிறகும் நாங்கள் எலும்பும் தோலுமான ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். பார்க்க வேண்டியது வேறு. அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடுவது, அதை எப்படியாவது ஈடுகட்டுவது, இரண்டும் சராசரியாக கிழமைக்கு ஒரு தரமாவது மூன்று மாதமாக நடப்பது, அதோடு தன் பெறுமதி முழுவதையும் உடம்பின் அளவில் தொங்கவிட்டிருப்பது. ஈடுகட்டுவது என்றால் சத்தி எடுப்பது மட்டும் இல்லை. பேதிக் குளிசை, பட்டினி, உடம்பு நோக நோக உடற்பயிற்சி எல்லாம் இதற்குள் வரும். முதலாம் வகை நீரிழிவு உள்ள சிலர் இன்சுலினையே விட்டுவிடுவார்கள், அது மிக ஆபத்து.

காதுக்குக் கீழே தாடையோரம் வீக்கம், மேல் முன்பற்களின் உட்பக்கம் தேய்ந்திருப்பது, விரல் மொளியில் தழும்பு. இதையும் ஒருக்கால் கவனியுங்கள்.

“கேஸ்ட்ரிக்தான்”

வருடக்கணக்காக கேஸ்ட்ரிக் குளிசை போட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். “சத்தி தானா வருதா மகள், நீங்களா எடுக்கிறீங்களா?” என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

டயட் சார்ட் கொடுப்பது

இதைத்தான் எழுத வந்தேன். எத்தனை வருடம் போனாலும் இதைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

கல்முனைப் பக்கத்துப் பிள்ளை, ஏ.எல். எடுக்கிற வயது. ஆளைத் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறேன், நிறுத்த முடியவில்லை என்று ஓரிடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறா, சத்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கையில் ஒரு போட்டோகொப்பித் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதை நாலாக மடித்துப் பேர்ஸுக்குள் வைத்திருந்தா, மடிப்புக் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. ‘சோறு’ என்று அச்சடித்திருந்ததை சிவப்புப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் ‘இரவு 7க்குப் பிறகு தண்ணீர் மட்டும்’ என்று கையால் எழுதியிருந்தது.

சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை, அதுதான் வினையாகப் போனது. காலையில் வெறும் தேத்தண்ணி, பகல் இரண்டு பிஸ்கட், பின்னேரம் டியூஷன் முடிந்து வரும்போது கை நடுங்குகிற பசி, அதையும் அடக்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்து, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு குசினிக்குள் லைட் போடாமல் நின்றபடியே மிஞ்சிய பிட்டு, காலைக்கு வைத்திருந்த பாண், தயிர்ச்சட்டியில் பாதி. பிறகு சத்தி. விடிந்தால் சார்ட்டை மீறிவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி, அதற்குத் தண்டனையாக இன்று தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை. முன்பு கிழமைக்கு ஓரிரு தரம் இருந்தது சார்ட் வந்த பிறகு அநேகமாக ஒவ்வொரு இரவும் என்று ஆனது. கடைசியில் வகுப்பில் மயங்கி விழுந்து, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில்தான் பிடித்தார்கள்.

இந்த நோயைப் பெருந்தீனி என்று நினைப்பதால் வருகிற பிழை இது. பட்டினி கிடந்தால் உடம்பு சாப்பாட்டைத் தேடும், அது பிள்ளையின் மனவுறுதிக் குறைவு இல்லை. ஒக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தச் சுற்றைத்தான் முதலில் உடைக்கிறது. வழமையாக 20 கிழமைகளில் 20 அமர்வுகள். தொடக்கத்திலேயே வருவது ஒழுங்காகச் சாப்பிடுவது. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நாலு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. இடியப்பம், பத்து மணிக்குப் பணிஸ், பகல் சோறு கறி, பின்னேரம் கடலையோ வாழைப்பழமோ, இரவுக்கும் சாப்பாடு. ஓம், சோறும்தான். முதல்நாள் இரவு என்ன நடந்திருந்தாலும் அடுத்த நாள் காலைச் சாப்பாடு கட்டாயம், அந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். கொழுத்துவிடுவேன் என்று பயப்படுவார்கள், அதற்காகத்தான் கிழமைக்கு ஒரு தரம் மட்டும் நிறை பார்ப்பது. பெரும்பாலானோருக்கு நிறை பெரிதாக மாறுவதில்லை, அதைத் தங்கள் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.

விரதமும் இதற்குள்தான் வரும். கந்தசஷ்டிக்கு முழுநாள் உபவாசம் இருக்கப்போகிறேன் என்று வருவார்கள், காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் நோன்பு காலத்தில் கேட்பார்கள். நேரடியாகச் சொல்லிவிடுங்கள், இப்போதைக்கு இது உங்களுக்கு ஒத்துவராது என்று. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, மௌலவியிடம் கேட்கச் சொல்லுங்கள். “சாமிக் குற்றம் வராதோ” என்று அம்மா கேட்டால் அந்தப் பதிலுக்கும் தயாராக இருங்கள்.

பேதிக் குளிசையை லேசாக எடுப்பது

அது வேலை செய்வது பெருங்குடலில். சத்தில் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும், இறங்குவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். இதைக் கீறிக் காட்டுங்கள், பலருக்குத் தெரியாது.

ஒரே காரணத்தைத் தேடுவது

இல்லை.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. “என்ன பிள்ள இப்படிக் கொழுத்திட்டாய்” என்று கலியாண வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிற மாமிக்கும் பங்கு உண்டு. சின்ன வயதில் பட்ட துன்புறுத்தல், எதிலும் முதலாவதாக வரவேண்டும் என்ற மனம், திரும்பத் திரும்ப டயட் பண்ணுவது எல்லாம் சேரும். ஃபேஸ்புக்கையும் போனையும் குற்றம் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஆண் பிள்ளைகளுக்கும் வரும்.

அம்மாவிடம் உடனே சொல்வது

பிள்ளையிடம் சொல்லாமல் சொல்ல வேண்டாம். பதின்ம வயது என்றால் வீட்டார் சிகிச்சைக்குள் வரத்தான் வேண்டும், ஆனால் குசினிக்குப் பூட்டுப் போடுகிற வேலைக்கு இல்லை.

சத்தி எடுத்ததும் பல் தீட்டுவது

கூடாது. கொப்பளித்தால் போதும்.

மருந்தே வேண்டாம் என்பது

ஃபுளூஒக்செற்றின் புலிமியாவுக்கு வேலை செய்யும், பெரியவர்களுக்கு வழமையாக ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூட. அது மனநல வைத்தியர் முடிவெடுக்க வேண்டியது, நாங்கள் சொல்வது இல்லை. புப்ரோபியோன் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுக்கக்கூடாது, வலிப்பு வரும் அபாயம் கூட.

இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

அடிக்கடி சத்தி எடுக்கிறவரை, கதைத்து முடித்த அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புங்கள். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே குழம்பும், வெளியில் பார்த்தால் ஆள் சிரித்துக்கொண்டிருப்பா. நெஞ்சு படபடப்பு, மயக்கம், தசைப் பிடிப்பு, சத்தியில் இரத்தம் என்றால் அடுத்த கிழமைக்கு அப்பொயின்ட்மென்ட் போடாமல் பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாவதைப் பற்றிக் கதைத்தாலும் அப்படியே, தனியே விடாதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.