அமானுஷ்ய ஊர்த் தொடர்களைக் குழம்பாமல் படிப்பது எப்படி?

ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதர், சூனியக்காரி எல்லாரும் ஒரே சின்ன ஊரில் குடியிருக்கும் ஆங்கிலத் தொடர்கள் எனக்கு உயிர். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் புத்தக வரிசையைப் பார்த்தே மலைத்துப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: சின்னதாகத் தொடங்குங்கள்

சார்லெய்ன் ஹாரிஸின் 'மிட்நைட்' வரிசை மூன்றே நாவல்கள் (2014–2016). டெக்சாஸில் ஒரு நாற்சந்தி, அதைச் சுற்றிச் சில வீடுகள், அவ்வளவுதான் ஊர். பிடித்திருந்தால் அவருடைய பான் டெம்ப்ஸ் ஊருக்குப் போகலாம். லூசியானாவில் நடக்கும் அந்தக் கதை 2001 முதல் 2013 வரை 13 நாவல்களாக வந்தது. இளையோர் நடை பிடிக்கும் என்றால் ரேச்சல் கெய்னின் மார்கன்வில் தொடர், 15 நாவல்கள்.

படி 2: வரிசையைச் சரிபாருங்கள்

இங்கேதான் நான் ரொம்பத் திணறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குட்ரீட்ஸ் தளத்தில் தொடரின் பக்கத்தைத் திறந்தால் 1, 2, 3 என்ற எண்களுக்கு நடுவே 0.5, 1.5 என்றும் இருக்கும். அவை சிறுகதைகள், குறுநாவல்கள். பெரும்பாலானவற்றை விட்டுவிட்டாலும் கதை புரியும். சிலவற்றை விடவே கூடாது.

பேட்ரிசியா பிரிக்ஸின் 'க்ரை வுல்ஃப்' (2008) நல்ல உதாரணம். அட்டையில் முதல் புத்தகம் என்றுதான் இருக்கும். திறந்தால் நாயகனும் நாயகியும் ஏற்கெனவே சந்தித்து, ஒரு பெரிய சண்டையும் முடிந்திருக்கும். ஏதோ பக்கம் கிழிந்துபோன மாதிரி இருக்கும். அந்தச் சந்திப்பு 'ஆல்ஃபா அண்ட் ஒமேகா' என்ற குறுநாவலில் இருக்கிறது. 2007இல் 'ஆன் தி ப்ரவுல்' என்ற தொகுப்பில் வந்து, பிறகு தனி மின்னூலாகவும் கிடைத்தது. அதை முடித்துவிட்டு 'க்ரை வுல்ஃப்' எடுத்தால், மொன்டானா மலைகளில் ஓநாய் மனிதர்கள் வாழும் ஆஸ்பென் க்ரீக்குக்கு நாயகியோடு சேர்ந்தே நீங்களும் போய் இறங்குவீர்கள்.

எந்தத் தொடருக்கும் என் முறை ஒன்றுதான்: வெளிவந்த வரிசையில் படிப்பது. கதையின் கால வரிசைப்படி அடுக்கித் தரும் பட்டியல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் தெரிய வேண்டிய ரகசியத்தை அவை முன்னாலேயே போட்டு உடைத்துவிடும்.

படி 3: ஊருக்கு ஒரு நோட்டு

ஆட்களின் பெயர்களைவிட ஊரின் சட்டங்களை எழுதுங்கள். முதல் கேள்வி: இங்கே இப்படிப்பட்டவர்கள் இருப்பது மற்ற மனிதர்களுக்குத் தெரியுமா? பான் டெம்ப்ஸில் தெரியும். செயற்கை ரத்தம் வந்த பிறகு காட்டேரிகள் தாங்களாகவே உலகத்துக்கு அறிவித்துவிடுகிறார்கள். மார்கன்வில்லில் காட்டேரிகள்தான் ஊரையே ஆள்கிறார்கள், வெளியுலகத்துக்குத் தெரியாது. உள்ளூர் மனிதர்கள் யாருடைய பாதுகாப்பில் இருக்கிறார்கள் என்பதைக் கையில் அணியும் காப்பு காட்டும். இந்த ஒரு பதிலிலிருந்தே யாருக்கு யாரிடம் பயம் என்பது பாதி விளங்கிவிடும்.

அடுத்து, வீட்டுக்குள் வர அழைப்பு வேண்டுமா, கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெறலாமா, வெள்ளி சுடுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் புத்தகத்தில் யாராவது வாசலிலேயே நின்றால், ஏன் நிற்கிறார் என்று உங்களுக்கு உடனே தெரியும். அந்தச் சுகத்துக்காகவே நான் இந்த வகையை விடாமல் படிக்கிறேன்.

செயலிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன், காகித நோட்டுக்கு ஈடில்லை. படிக்கும்போது போனைத் தொட்டால் அடுத்து கை தேடுபொறிக்குத்தான் போகும். பாத்திரத்தின் பெயரை அடித்ததுமே கீழே வரும் பரிந்துரைகள் யார் சாகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். ரசிகர் விக்கிகளும் அப்படித்தான். தொடர் முடியும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: பான் டெம்ப்ஸின் ஆறாம் நாவலான 'டெஃபினட்லி டெட்' (2006) தொடங்கியதும் குழப்பமாக இருக்கிறது என்று சிலர் கருத்துப் பெட்டியில் கேட்டிருந்தீர்கள். நாயகியின் அத்தை மகளைப் பற்றிய செய்தி 'ஒன் வேர்ட் ஆன்சர்' என்ற சிறுகதையில் வருகிறது. 'எ டச் ஆஃப் டெட்' (2009) தொகுப்பில் அது இருக்கிறது. ஐந்தாம் நாவலை முடித்ததும் அந்தக் கதையை மட்டும் படித்துவிட்டு ஆறுக்கு வாருங்கள்.

இன்னொன்று: பான் டெம்ப்ஸ் நாவல்களைத் தழுவி எடுத்த 'ட்ரூ பிளட்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள், முதல் நாவல்களைத் தாண்டி நேரே நடுவில் குதிக்கலாமா என்கிறார்கள். வேண்டாம். தொலைக்காட்சித் தொடர் போகப்போக நாவல்களை விட்டு வெகுதூரம் விலகிவிடுகிறது. முதல் நாவலான 'டெட் அன்டில் டார்க்'கிலிருந்தே தொடங்குங்கள்.