படுக்கைப் புண் வருமா? பாட்டி புரள்வதைப் பாருங்கள்

"பாட்டி, நீங்களே புரண்டு படுப்பீங்களா?" என்று கேட்டால், "ஓ, புரளுவேனே!" என்றுதான் பதில் வரும். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாகச் சேர்ந்த புதிதில், அந்தப் பதிலை நம்பி, படுக்கைப் புண் ஆபத்தை அளக்கும் தாளில் மதிப்பெண் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பாட்டியின் வால் எலும்புக்கு மேல் தோல் உரிந்திருந்தது.

படி 1: கேட்காதீர்கள், பாருங்கள்
மதிப்பெண் தாளை எடுக்கும் முன் கட்டில் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். தலையணையை நகர்த்தச் சொல்லுங்கள், சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லுங்கள். தோள் மட்டும் திரும்பி இடுப்பு அப்படியே கிடந்தால் அது புரள்வதே இல்லை. எடை இன்னும் அதே எலும்பின் மேல்தான் இருக்கிறது.

படி 2: பிராடன் அளவுகோல்
படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் முறை இது. உணர்வு (அழுத்தமும் வலியும் தெரிவது), ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 4 வரை. உராய்வுக்கு 1 முதல் 3 வரை. மொத்தம் 6க்கும் 23க்கும் இடையில் வரும். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். பொதுவாக 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவனம் தேவை.

புதியவர்கள் தடுமாறுவது நடமாட்டத்திலும் அசைவிலும்தான். நடமாட்டம் என்பது எழுந்து நடப்பது. அசைவு என்பது இருந்த இடத்திலேயே உடம்பை மாற்றிக்கொள்வது. சக்கர நாற்காலித் தாத்தா கையை ஊன்றி அடிக்கடி இடுப்பைத் தூக்கிக்கொண்டால் நடமாட்டத்துக்கு 2, அசைவுக்கு 4 கூடப் போடலாம். நம் பாட்டிக்கு இரண்டிலும் 2. பேம்பர்ஸ் அடிக்கடி நனைகிறது, கஞ்சி பாதிக் கிண்ணம்தான் இறங்குகிறது. அவற்றுக்கும் தலா 2. உணர்வு 3, உராய்வு 2. ஆக 13, நடுத்தர ஆபத்து.

படி 3: தோலைத் தொடுங்கள்
சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, வெளுக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள். நம்மவர்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாமலே போகலாம். புறங்கையை வைத்துப் பாருங்கள்: பக்கத்துத் தோலைவிடச் சூடா, கெட்டியா, கொழகொழப்பா? வலிக்கிறதா? வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, பின்மண்டை, எதையும் விடாதீர்கள்.

படி 4: உடனே செய்ய வேண்டியது
முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்துப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்குங்கள்.

சிவந்த இடத்தில் தைலம் தேய்க்க வரும் மகள்களிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். தேய்த்தால் உள்ளே நைந்த சதை இன்னும் நையும். காய்ச்சல் வந்தாலோ சாப்பாடு குறைந்தாலோ, மறுபடி படி 1லிருந்து.